இரண்டாம் தட்டில் வராதது

போன மாதம் ஃபாரா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மண் எடுப்பதைப் பற்றி ஒரு காலைப் பொழுது வந்து பேச வேண்டுமாம். ஓய்வு பெற்றதிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று வீட்டில் மூக்கால் அழுதுகொண்டிருந்தவள் நான். உடனே புடவையை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டேன்.

நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, இத்தனை வருடத்தில் நீங்கள் பிடித்த பேஜ்களிலேயே சிறந்தது எது என்று கேட்டாள். கோத்தா திங்கி ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒன்றைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. அதைவிடச் சிறந்த ஒன்று எங்கள் கைக்கு வந்தது. அது இல்லவே இல்லை என்று நாங்கள் சொல்லிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பேஜ் என்றால் என்ன என்பது என் அண்ணிக்கு இன்றுவரை புரியவில்லை. 'மண்ணுல புழு தேடுற வேலை' என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். புழு இல்லை. பாக்டீரியாவுக்கும் எமன் உண்டு. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வரும் வைரஸ்தான் பேஜ். கண்ணுக்குத் தெரியாது. அது தின்று தீர்த்த இடம் மட்டும் தெரியும். அந்த இடத்தைத் தேடுவதுதான் என் வேலை.

நான் மலேசியாவில், ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்ததும் பொந்தியான் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பயிர்களுக்கு வரும் நோய்களைப் பார்க்கிற இடம். முதல் சில வருடங்கள் கண்ணாடி கழுவியே என் கை வெளுத்துப்போனது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. டாக்டர் அருளம்பலத்தின் மேசைக்கு என்னை மாற்றிய பிறகுதான் என் வேலை வாழ்க்கை தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மலாயாவுக்கு வந்தவர். மூன்றாம் தலைமுறை ஆகியும் பேச்சில் அந்த வாடை போகவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'பிள்ளை'தான். கத்த மாட்டார். தப்பு நடந்தால் அந்தச் சோதனைக் குழாயை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போய்விடுவார். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். காலையில் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளை அவர்தான் முதலில் பார்ப்பார். ஜன்னல் பக்கம் திரும்பி, நமக்கு முதுகைக் காட்டி, தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். அவர் தட்டைக் கீழே வைக்கும்வரை அறையில் யாரும் இருமக்கூட மாட்டோம்.

அவர் கற்றுக்கொடுத்த முறையை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அழுகிய செடியின் வேரடியில் கொஞ்சம் மண், பக்கத்தில் அழுகாமல் நிற்கும் செடியின் அடியில் கொஞ்சம் மண். நோய் இருக்கிற இடத்தில்தான் அதைத் தின்னும் பேஜும் இருக்கும். பையைக் கார் பூட்டில் போடக் கூடாது, வெயில் சூட்டில் வெந்துபோகும். ஆய்வகத்துக்கு வந்ததும் உப்புக் கரைசலில் கலக்கி, குலுக்கி, சுழற்றி, மேலே தெளிந்த நீரை நுண்வடிகட்டியில் விட வேண்டும். வடிகட்டியில் பாக்டீரியா தங்கிவிடும், பேஜ் மட்டும் இறங்கும். பொந்தியான் பக்கத்துக் கம்புட் மண் இருக்கிறதே, கால் வைத்தால் அமுங்கும் அந்தக் கறுப்பு மண், அதன் தண்ணீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் இருக்கும். வடிகட்டியை அடைத்துப் பிராணனை வாங்கிவிடும்.

வடிந்த நீரை நோய்ப் பாக்டீரியாவோடு கலந்து, வெதுவெதுப்பான இளகிய அகார் கூழில் விட்டு, தட்டில் ஊற்றுவோம். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா பாலாடையாகப் படர்ந்திருக்கும். பேஜ் இருந்தால் அந்த ஆடையில் அங்கங்கே வட்டமாகத் தெளிந்திருக்கும். அதைப் பார்த்ததும் குதிக்கக் கூடாது. அந்த வட்டத்தைப் பிப்பெட் முனையால் தோண்டி எடுத்து, உப்புக் கரைசலில் போட்டு, ஒரு சொட்டுக் குளோரோஃபார்ம் விட வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியா செத்துவிடும், பேஜுக்கு ஒன்றும் ஆகாது. அதை மறுபடியும் புதுத் தட்டில் ஊற்றி, மறுபடியும் வட்டம் வந்தால்தான் பேஜ். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் சண்டை போட்டு நச்சுநீர் கக்கினாலும் முதல் தட்டில் இதே மாதிரி வட்டம் வரும். அந்த நச்சுநீர் பெருகாது என்பதால் இரண்டாம் தட்டில் வராது. இரண்டாம் தட்டில் வரும்வரை டாக்டர் 'பேஜ்' என்ற சொல்லை உச்சரிக்கவே மாட்டார்.

குளோரோஃபார்ம் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். அந்தச் சொட்டு விழாத குழாய் அழுக்குக் குழாய், அது தம் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்பார். கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரையில் எடுத்த மண்ணில் எங்கள் முதல் நல்ல பேஜ் கிடைத்தபோது, அந்தச் சொட்டைத் தாண்டி வந்ததனால்தான் அதை நம்பினோம். அன்றைக்கு டாக்டர் எல்லோருக்கும் கறிபாப் வாங்கிவந்தார். அவர் காசில் நான் சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

செல்வராணி அக்கா எங்களிடம் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. பெக்கான் நானாஸில் ஒரு சீன முதலாளியின், அங்கே தவுக்கே என்பார்கள், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் அவர் கணவர் முனியாண்டி அண்ணனும் அன்னாசி போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். அடுத்தவனுக்கு உழைத்தது போதும் என்று சொந்தமாக இறங்கியவர்கள். செடி நன்றாக வந்துகொண்டிருந்தபோது குருத்தழுகல் பிடித்துவிட்டது. வெளியே பார்த்தால் செடி பச்சையாக நிற்கும். நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கையோடு வரும், அடி கொழகொழவென்று நாறும். பாக்டீரியாவால் வருகிற நோய். மருந்தடித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

தவுக்கே பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் செம்பனை போடப்போகிறேன், நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வராணி அக்கா அவரிடம் கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார். பொந்தியானில் இருக்கும் படித்தவர்கள் இதற்கு வழி பார்க்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று எங்களைக் காட்டித்தான் வாங்கினார். எங்கள் பதில் வரும்வரை நிலம் அவர்களுடையது. இதை அவரே என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் அந்த மண்பையை நான் மற்றப் பைகளோடு சேர்த்து வைக்கவில்லை.

அந்த மண்ணுக்கு முதல் தட்டில் வட்டம் வந்தது. அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நடுவில் கண்ணாடி மாதிரித் தெளிவு, ஓரத்தில் மங்கலாக ஒரு வளையம். தட்டு நிறைய இருந்தது. டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் ஜன்னல் பக்கம் நின்றார். கீழே வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது. நான் ஒரு வட்டத்தைத் தோண்டினேன், கரைசலில் போட்டேன், சொட்டு விட்டேன். இரண்டாம் தட்டில் ஒன்றுமே இல்லை. பாலாடை முழுசாக மூடிக்கொண்டு நின்றது.

என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். மறுபடி தோண்டினேன், டாக்டரும் தம் கையால் தோண்டினார். இல்லை. மண்ணைப் பாக்டீரியாவோடு சேர்த்து ஊறவைத்துப் பெருக்கிப் பார்த்தோம். அதிலும் சொட்டு விட்டோம், அதிலும் இல்லை. மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் புது மண் எடுத்துவந்தேன். முதல் தட்டில் வட்டங்கள் கொழித்தன, இரண்டாம் தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. ஒவ்வொரு முறை நான் மண் எடுக்கப் போகும்போதும் செல்வராணி அக்கா கூடவே வந்து நிற்பார். கிடைத்துவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார். நான் குனிந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் டாக்டர் முடிவு செய்தார். இது உயிரில்லை, நச்சுநீர், இதைப் பெருக்க முடியாது. அவர் கையில் இருந்த ஆதாரத்துக்கு அது சரியான முடிவு. நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை என்பதைத் தாமே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பெக்கான் நானாஸுக்குப் போனார். மற்றவர்களாக இருந்தால் போனில் சொல்லி முடித்திருப்பார்கள். அவர் போகாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்துக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அவர்களுடைய மகன் குமரனும் அங்கே இருந்தான். அப்போதுதான் பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"நாங்கள் தேடினது உங்கட மண்ணில இல்லை," என்றார்.

முனியாண்டி அண்ணன் உடனே கேட்டார். "மத்த மண்ணுல எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே டாக்டர். எங்க மண்ணுல மட்டும் ஏன் இல்ல?"

டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் ஆய்வகத்துக்குள் அவருக்கு உண்டு. வெளியே, நிலம் போகப்போகிற ஒரு மனிதனின் எதிரில், ஏதாவது ஒரு காரணம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பழைய அன்னாசிக் கட்டைகளைக் காயவைத்து எரித்துவிட்டுத்தான் புதுக் கன்று நடுவார்கள். கூடாது என்பார்கள், ஆனாலும் எல்லோரும் செய்வார்கள். கம்புட் மண்ணில் நெருப்பு மேலே அணைந்தாலும் உள்ளே புகைந்துகொண்டே போகும்.

"நடுறதுக்கு முதல் நெருப்பு வைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"வச்சேன். பாரிட் வாய்க்கால் ஓரமா. மழை வர்ற வரைக்கும் பொகஞ்சுச்சு."

"அப்ப அதில செத்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அது ஒரு யூகம். ஆய்வகத்தில் அப்படி ஒரு யூகத்தை நான் சொல்லியிருந்தால் குழாயை என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருப்பார். குமரன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "நான் அப்பவே சொன்னேன்லா, பாக்கார் பண்ணாதீங்கன்னு," என்றான். எரிப்பதற்கு மலாய்ச் சொல்லைத்தான் போட்டான். செல்வராணி அக்கா எங்களுக்கு அன்னாசி வெட்டிக் கொடுத்தார். நோய் பிடிக்காத செடியில் பறித்தது. டாக்டரும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்.

நிலம் போனது. முனியாண்டி அண்ணன் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனார் என்றும், செல்வராணி அக்கா விடிவதற்கு முன்னால் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. ஆனால் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். டாக்டர் ஓய்வு பெற்று மகனோடு ஆஸ்திரேலியா போனார், அங்கேயே காலமானார். அவர் மேசைக்கு ஃபாரா வந்தாள்.

என் வேலையின் கடைசி வருடத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து குளோரோஃபார்மை எடுத்துப்போனார்கள். உடம்புக்குக் கெடுதல், முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றார்கள். நான் சண்டை போடாத குறை. இனி எல்லாம் அழுக்குக் குழாய்தான் என்று ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். ஃபாரா சிரித்துவிட்டு, இரண்டு முறை வடிகட்டினால் போதும் காக் என்றாள். மலாய்க்காரப் பிள்ளைகள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்போது பொந்தியான் பக்கம் ஓர் அன்னாசித் தோட்டத்திலிருந்து மண் வந்தது. முதல் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கலான வளையம். இது இரண்டாம் தட்டில் வராது, நேரத்தை வீணாக்காதே என்று ஃபாராவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. தோண்டி, வடிகட்டி, ஊற்றினாள். மறுநாள் காலையில் இரண்டாம் தட்டு முழுவதும் வட்டங்கள். மூன்றாம் தட்டிலும் வந்தன.

ஒரு மூலையில் பழைய சீசாவில் கொஞ்சம் குளோரோஃபார்ம் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு குழாயில் ஒரு சொட்டு விடச் சொன்னேன். அந்தக் குழாயில் இருந்த பேஜ் மட்டும் செத்தது.

ஃபாரா விளக்கினாள். சில பேஜ்களுக்குக் கொழுப்பால் ஆன உறை உண்டு. குளோரோஃபார்ம் கொழுப்பைக் கரைத்துவிடும், உறை போனால் பேஜ் போச்சு. அபூர்வம்தான், ஆனால் புத்தகத்திலேயே இருக்கிறது என்றாள். அப்படியானால் டாக்டரும் எப்போதோ படித்திருப்பார். படித்த விஷயம் பழகிய கையைத் தடுக்கவில்லை. அந்தச் சொட்டைத் தாண்டி வந்ததை மட்டுமே நம்பினோம், தாண்டத் தெரியாததை இல்லை என்றோம். செல்வராணி அக்காவின் செடியிலிருந்து எடுத்த பாக்டீரியா இன்னும் உறைபெட்டியில் இருந்தது. அதன் மேலும் இந்தப் பேஜை விட்டுப் பார்த்தோம். அதே வட்டம், அதே வளையம். பழைய மண் கையில் இல்லாமல் இதற்குமேல் யாராலும் நிரூபிக்க முடியாது என்றாள் ஃபாரா. எனக்கு அது போதும்.

அந்தப் பேஜ் அவர்கள் தோட்டத்தைக் காப்பாற்றியிருக்குமா என்று கேட்டால் தெரியாது. தட்டில் வேலை செய்கிற எத்தனையோ பேஜ்கள் வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. தவுக்கே இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பார், அதற்குள் ஏதாவது வழி பிறந்திருக்கும், அல்லது பிறந்திருக்காது. அதையெல்லாம் நினைத்து நான் அழவில்லை. வேறொன்று உறுத்தியது. நெருப்பு வைத்து, புகைந்து அடங்கி, நட்டு, செடி அழுகிய பிறகுதான் நான் அந்த மண்ணை எடுத்தேன். வட்டங்கள் வந்தது அந்த மண்ணில்தான். நெருப்பில் எதுவும் சாகவில்லை. செத்தது எங்கள் குழாயில், நான் விட்ட சொட்டில்.

இதைப் போய்ச் சொல்வதா வேண்டாமா என்று ஓய்வு பெற்ற பிறகும் பல மாதம் தள்ளிப்போட்டேன். வாழ்ந்து முடித்ததைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் சொன்னார். ஃபாரா கூப்பிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்த அன்று, அந்தப் பெண் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பெக்கான் நானாஸ் கோயிலில் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். செல்வராணி அக்கா ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார் என்றார்கள். முனியாண்டி அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டனவாம்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "மண்ணு எடுக்க வருவீங்களே, மாலதிதானே?" என்று கையைப் பிடித்தார். தேத்தண்ணி போடப் போனவரை உட்காரவைத்துவிட்டுச் சொன்னேன். பாக்டீரியா, உறை, கொழுப்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நெருப்புல சாகலையா?"

"இல்லக்கா. நெருப்புக்கு அப்புறமும் அது மண்ணுல உயிரோட இருந்துச்சு. நாங்கதான் மருந்த ஊத்திக் கொன்னுட்டு, இல்லன்னு வந்து சொன்னோம்."

அப்புறம் சொன்னார். முனியாண்டி அண்ணன் கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோதுகூட, நான் நெருப்பு வைக்காமல் இருந்திருந்தால் நமக்கு நிலம் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் இவரும் மறுக்கவில்லையாம். டாக்டரே சொன்ன பிறகு எதை வைத்து மறுப்பது? குமரனும் அப்பாவும் நிலம் போனதிலிருந்து முகம் பார்த்துப் பேசியதில்லையாம். அவன் சிங்கப்பூரில் வேலையோடு அங்கேயே தங்கிவிட்டான். தீபாவளிக்கு வந்தாலும் அப்பா இருக்கும் அறைக்குப் போக மாட்டானாம்.

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியாது. கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க."

எடுத்தது குமரன். பின்னால் இயந்திரச் சத்தம். நான் யார் என்று சொன்னேன், இந்த முறை உறை, கொழுப்பு எதுவும் சொல்லவில்லை. "அப்பா வச்ச நெருப்பால இல்ல தம்பி. தப்பு எங்க ஆய்வகத்துல நடந்தது," என்றேன். மறுமுனையில் இயந்திரச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவன் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்ட குடுங்க," என்றான்.

கொடுத்தேன். செல்வராணி அக்கா காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அழுவுறான்," என்றார். "அவங்க அப்பாவ எடுத்தப்பகூட அவன் அழல."